குறுக்குக் காற்று

மால்மோ, ஜனவரி 16, 1974

அன்புள்ள தெசாங்கா அக்கா,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் குற்றமில்லை. பவ்லே இப்போதுதான் தூங்கினான். விளக்கின்மேல் துணியைப் போட்டுவிட்டு அந்த அரை வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஸ்டோயானுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் இரவு ஷிஃப்ட்; வீட்டில் நானும் பிள்ளையும்தான். பகலிலேயே எழுதியிருக்கலாம். பகலெல்லாம் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று ஒரு குழந்தையைக் காப்பாற்றினேன்.

மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காப்பிக் கடை வாசலில், பனியில், ஒரு தள்ளுவண்டி. பக்கத்தில் ஆள் இல்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே குழந்தை! மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது, செக்கச்செவேல் என்று. கடலிலிருந்து காற்று வேறு வீசுகிறது. இரண்டு பக்கமும் பார்த்தேன். ஜனங்கள் தங்கள் பாட்டுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். யாரோ விட்டுவிட்டு ஓடிப்போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? தூக்கி என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடினேன். "யாரோட குழந்த இது? மனுஷங்கதானா நீங்கல்லாம்?" என்று நம் மொழியிலேயே கத்தினேன். குழந்தை விழித்துக்கொண்டு என்னைவிட அதிகமாகக் கத்தியது.

ஓர் ஓர மேஜையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். உதட்டில் பன்னின் கிரீம் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் தெரியுமா? எங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் குன்வோர். படிக்கட்டில் தினமும் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். "தூங்கிட்டிருந்தா" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. கோபம்கூட இல்லை.

யாரோ போலீசைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்லது, இவளுக்கு வேண்டும் என்று நினைத்தேன். போலீஸ்காரர் வந்தார், குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், என் பக்கம் திரும்பி என் பெயரைக் கேட்டார். என்னிடம், அக்கா! குன்வோர் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வெளியே வந்தபோதுதான் கவனித்தேன், சுவரோரமாக இன்னும் சில தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் குழந்தைகள். எல்லாக் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

என்ன தாய்மார்கள் இவர்கள்? கல்லூரியில் உயிரியல் படித்தவள் நான். ஸ்வீடன் மாதிரி ஒரு பணக்கார நாட்டில் ஒருவர்கூடவா இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை?

நெவெனாவை உன்னிடம் விட்டுவிட்டு வந்தது எவ்வளவு சரி என்று இன்று புரிந்தது. நிமோனியா வந்த நெஞ்சு என் மகளுக்கு. "கூட்டிட்டுப் போலாம், விதா" என்று ஸ்டோயான் எத்தனை முறை சொன்னார். நீயும் நானும்தான் அவர் வாயை அடைத்தோம். இந்தக் காற்றில் அவள் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டாள்.

உள்பனியனைக் கால்சட்டைக்குள் செருகிவிடுகிறாயா? வெறுங்காலோடு நடக்கவிடாதே. தலை ஈரமாக இருக்கும்போது வாசல் பக்கமே விடாதே. உனக்குத் தெரியாததா. ஆனாலும் எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் விதோசவா


கொலுபட்ஸ், ஜனவரி 28, 1974

விதா,

உன் கடிதம் தபால் மூட்டையிலிருந்து என் கையில்தான் விழுந்தது. நானே முத்திரை குத்தி எனக்கே கொடுத்துக்கொண்டேன். "கையெழுத்து போட்டு வாங்கிக்கோ தெசாங்கா, சட்டம்னா சட்டம்" என்று போஸ்ட் மாஸ்டர் கிண்டல் செய்தார். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

எதிர்வீட்டு ஸ்தானாவுக்குப் படித்துக் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டாள். "நாயக்கூட வாசல்ல கட்டிட்டு உள்ள போய்க் காப்பி குடிக்க மாட்டேன் நான்" என்றாள். அவளிடம் நாய் இல்லை என்பது வேறு விஷயம். போலீஸ் உன்னை விசாரித்ததைக் கேட்டு, அந்த ஊரில் போலீசும் குளிரில் மூளை உறைந்துபோய்த்தான் திரிகிறார்கள் என்று முடிவுகட்டினாள். நீ செய்தது சரி. நானாக இருந்தால் அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

இங்கே ஒரு வாரமாகக் கோஷாவாக் காற்று அடிக்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு நேராக ஊருக்குள் நுழைகிறது. முடிதிருத்துகிறவரின் பெயர்ப்பலகை டான்யூபில் போய் விழுந்துவிட்டது. பால் வாங்கப் போகும்போது நெவெனாவை என் கோட்டு பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறேன், இல்லாவிட்டால் பறந்துவிடுவாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று காற்றைக் கூப்பிடுகிறாள், கழுதை.

ஆனால் வீட்டுக்குள் நீ கவலைப்படவே வேண்டாம். கிழக்கு ஜன்னலுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. வடக்கு ஜன்னலின் இடுக்கெல்லாம் மாவுப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன். கதவுக்கடியில் பழைய கம்பளி. எதிரெதிராக இரண்டு இடம் திறந்திருந்தால்தானே குறுக்குக் காற்று? இங்கே ஒன்றுகூடத் திறக்காது. லேசாக இருமுகிறாள், அவ்வளவுதான்.

என்னோடுதான் படுத்துக்கொள்கிறாள். சில நேரம் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடுகிறாள். திருத்துகிறேன். எப்போதும் திருத்துகிறேன் என்று சொல்ல முடியாது.

தெசாங்கா


மால்மோ, பிப்ரவரி 13, 1974

அன்புள்ள அக்கா,

இதை ஸ்தானாவுக்குப் படித்துக் காட்டாதே. ஸ்டோயானுக்கும் இன்னும் சொல்லவில்லை.

போன மாதக் கடைசியில் பவ்லேக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க விட்டு விட்டு இருமிக்கொண்டே இருந்தான். கழுத்து மடிப்பிலெல்லாம் சிவப்பாகத் தடிப்பு வேறு. குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கே வரும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவள் வந்தாள். அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் உன்னைப் போலத்தான், எல்லா இடுக்கிலும் டேப் ஒட்டியிருந்தேன். அவள் பவ்லேயின் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். அதற்குள் இன்னொன்று. அதற்குள் பனியன். அதற்குள் இன்னொரு பனியன். வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனாள். கடைசியில் கிடைத்தது வேர்வையில் ஊறிய என் பிள்ளை.

அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். நான் போய் மூடினேன். அவள் மறுபடி திறந்தாள். நான் மறுபடி மூடினேன். எனக்கு அவள் மொழி அரைகுறை, அவளுக்கு என் மொழி சுத்தமாகத் தெரியாது. கடைசியில் அவள் மாடிக்குப் போய் குன்வோரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தாயா, யாரிடம் போய் மாட்டினேன்!

குன்வோர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் குழந்தையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓடியவள் நான் என்பது அவள் நினைவில் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. கை ஜாடையாலும் சின்னச் சின்ன வார்த்தைகளாலும் சொன்னாள்: "என் பொண்ணு வெளிய தூங்கறா. உன் பையனும் பக்கத்துல தூங்கட்டும். நீ ஜன்னல் வழியா பாரு. வேணும்னா அழு." அவளிடம் இன்னொரு தள்ளுவண்டி இருந்தது, மூத்த பையனுடையது, மகளுடையதைப் போலவே நீல வண்டி. அதைக் கொடுத்தாள்.

முற்றத்தில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அழவும் செய்தேன். அவன் போர்வை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. பொறுக்க முடியாமல் கீழே ஓடிப்போய் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு சூடாக இருந்தது. தூங்கினான், அக்கா. பிறந்ததிலிருந்து அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுந்ததும் மார்பைப் பிடித்து ஒரே மூச்சாய்க் குடித்தான்.

இப்போது தினமும் அப்படித்தான். இருமல் நின்றுவிட்டது. தடிப்பும் போய்விட்டது.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எதைக் கண்டு பயந்து நெவெனாவை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேனோ, அதே காற்றில் இவன் தூங்குகிறான். பனியன் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது இந்த நினைப்பு வந்தது. அப்படியே ஈரத் துணியோடு உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அவள் எதற்காக அங்கே இருக்கிறாள்?

நீ என்ன நினைக்கிறாய்? கோடையில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

விதோசவா


கொலுபட்ஸ், பிப்ரவரி 25, 1974

விதா,

உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

வெலிமிர் சித்தப்பாவின் வாய் எப்படிக் கோணியது? பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால். சாகும்வரை சூப் ஒரு பக்கமாக ஒழுகிக்கொண்டே இருந்தது அந்த மனுஷனுக்கு. ஸ்தானாவின் மருமகளுக்கு ஏன் இத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லை? குமரியாக இருந்தபோது மாதாகோயில் கல்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து அரட்டை அடித்ததால். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. ஒரு ஸ்வீடன்காரி கை ஜாடை காட்டினாளாம், இவள் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய்ப் பனியில் வைத்தாளாம். பெல்கிரேடுக்கு உன்னைப் படிக்க அனுப்பியபோதே அப்பா சொன்னார், "இவ திரும்பி வரும்போது நமக்கெல்லாம் பாடம் எடுப்பா" என்று. எடுத்துவிட்டாய்.

சரி, இதையும் கேட்டுக்கொள். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் வடக்கு ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. ஒரு விரல் அகலம்தான். அன்று இரவே நெவெனாவுக்கு அனலாய்க் காய்ச்சல். ராக்கியாச் சாராயத்தில் நனைத்த காலுறையைப் போட்டுவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். ஒரு விரல் அகலக் காற்று செய்த வேலை இது. நீ ஒரு கடலையே திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது, பயப்படாதே. தாளை மறுபடி இரட்டையாக ஒட்டிவிட்டேன்.

கோடையில் வா. தாராளமாக வந்து பார்த்துவிட்டுப் போ. கூட்டிக்கொண்டு போகும் பேச்சு வேண்டாம். அவள் இங்கே பழகிவிட்டாள். வருகிற இலையுதிர்காலத்தில் சேர்க்க மழலையர் பள்ளிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

தெசாங்கா


மால்மோ, மார்ச் 11, 1974

அக்கா,

காய்ச்சல் என்ற சொல்லைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் எல்லா ஜன்னலிலும் மறுபடி டேப் ஒட்டினேன். பவ்லேயை மறுபடி வெங்காயம் ஆக்கினேன். குன்வோர் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. உன் கடிதத்துக்கு அவ்வளவு சக்தி. சில நாளில் பவ்லே மறுபடி இருமத் தொடங்கினான். நானே டேப்பைப் பிய்த்தெடுத்தேன், நகம் உடைந்தது. இதையெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்டோயானுக்கும் விஷயம் தெரிந்துபோனது. எப்படி என்று கேள். பகல் ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்திருக்கிறார். முற்றத்தில் பனிக்கு நடுவே நீல வண்டி. உள்ளே மூக்குவரை மூடிய குழந்தை. மனுஷனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வண்டியோடு தூக்கிக்கொண்டு படியேறி, வாசலில் வைத்துவிட்டுக் கத்தினார்:

"விதா! உனக்கு மூள இருக்கா? பிள்ளைய வெளிய போட்டுட்டு என்னடி பண்ற?"

நான் அடுப்படியிலிருந்து பவ்லேயைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பவ்லேயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

யாராக இருக்கும்? குன்வோரின் மகள்தான். எங்கள் குடும்பம் அவள் குழந்தையைக் கடத்துவது இது இரண்டாவது முறை. மேல்மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கும் நீங்கதானா?" என்றாள். அவள் சிரிக்கத் தொடங்கினாள், நான் சிரித்தேன், ஸ்டோயான் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றார். கடைசியில் அவரே வண்டியைக் கீழே கொண்டுபோய் வைத்து, போர்வையையும் சரிசெய்துவிட்டு வந்தார்.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "நான் நிக்கிற எடத்துல எல்லாப் பக்கமும் காத்துதான் விதா. கடல்லேர்ந்து வருது, இரும்புல பட்டுத் திரும்பி வருது. வாயி கோணலயே எனக்கு." "இனிமேதான் கோணணுமா?" என்றேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நெவெனாவோட கட்டில இந்தச் சுவத்துப் பக்கம் போடலாம்" என்றார். குற்றம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முடிதிருத்துகிறவரின் பலகை ஆற்றில் விழுகிறது. குழந்தை பறந்துவிடாமல் உன் பெல்ட்டில் கட்டிக்கொண்டு போகிறாய். அக்கா, நம் நாட்டிலேயே அதிகமாகக் காற்று அடிக்கும் ஊர் எது? காற்றுக்குப் பயந்து என் மகளை அங்கேதான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காற்று நம்முடையது என்பதால் அதைக் கண்டு எனக்குப் பயமே வரவில்லை. மால்மோவின் காற்றுக்கு மட்டும் பயந்தேன். இதை உள்ளூரிலேயே இருந்திருந்தால் ஆயுசுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் ரயிலேறி வரவேண்டியிருந்தது. வந்தும் முதலில் குன்வோரைத்தான் முட்டாள் என்றேன்.

உன்மேல் கோபம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. "அவள் பழகிவிட்டாள்" என்ற வரியை மட்டும் ஸ்டோயானுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அந்தச் செய்தித்தாளை யார் கிழித்தது? நீ ஒட்டினால் தானாகக் கிழியாது. நீ ஒட்டிய தபால்தலையை நீராவி காட்டினால்கூட எடுக்க முடியாது.

விதோசவா


கொலுபட்ஸ், மார்ச் 26, 1974

விதா,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். இதை ஸ்தானாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

கிழித்தது நெவெனா.

தினமும் சாயங்காலம் "அம்மா எந்தப் பக்கம் இருக்கா?" என்று கேட்பாள். நான் வடக்கு ஜன்னலைக் காட்டுவேன். அது உண்மையும்தானே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் நீ வருவாய். அந்த ஜன்னலைத்தான் நான் தாள் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைத்துப் பார்ப்பாள். விளிம்பில் இருக்கும் தாள்தான் மறைக்கிறது என்று நினைத்திருக்கிறாள் போல. நான் தூங்கியபிறகு எழுந்து நகத்தால் உரித்திருக்கிறாள். இரட்டையாக ஒட்டினேன் என்று எழுதினேன் அல்லவா, அதையும் உரித்துவிட்டாள். திட்டினேன். "அம்மா தெரியல பெரியம்மா, இன்னும் கொஞ்சம்தான் கிழிக்கணும்" என்கிறாள்.

மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, டான்சில் வீக்கம், தெரு முழுக்கக் குழந்தைகளுக்கு இருக்கிறது என்றார். அதை உனக்கு எழுதவில்லை. காற்று என்று எழுதினால் நீ கேள்வி கேட்க மாட்டாய்.

ஸ்வீடன்காரி சொல்வதையெல்லாம் நான் நம்புகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சித்தப்பாவின் வாய் கோணியது கோணியதுதான்.

மூன்றாவது முறை ஒட்டப் பசை கிண்டினேன். கிண்டிக்கொண்டே இருந்தேன், கட்டி தட்டிவிட்டது. கொட்டிவிட்டேன். கம்பளியை அவள் தோளில் போட்டுவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே அடுப்பருகே உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த இடுக்கிலிருந்து காற்று வருகிறது, என் கழுத்தில் படுகிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது வருகிறாய் என்று எழுது. அவளுக்குக் கோடைக்கு இரண்டு கவுன் தைக்கவேண்டும். அந்த ஊரில் எந்த நீளத்துக்குப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

தெசாங்கா


மால்மோ, ஏப்ரல் 8, 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஸ்டோயான் படித்தார். படித்துவிட்டு எழுந்து போய், நெவெனாவுக்கென்று சுவரோரம் வாங்கிப் போட்டிருந்த கட்டிலை நகர்த்தினார். எங்கே போடப்போகிறார் என்று பார்த்தேன். ஜன்னலுக்கு அடியில் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் கட்டிலை ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தேன். இவ்வளவு தூரம் வந்தும் என் புத்தி அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

இந்த ஜன்னல் தெற்குப் பார்த்தது. நெவெனா வந்ததும் "பெரியம்மா எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பாள். காட்டுவதற்கு ஜன்னல் இருக்கிறது. ஆனால் ஜன்னலைக் காட்டியே குழந்தையைத் தேற்றினால் என்ன ஆகும் என்று நீ எழுதியதைப் படித்தபிறகு, அவளுக்கு அப்படிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நான் வரவில்லை. நீ கூட்டிக்கொண்டு வா. ஜூனில் தபால் நிலையத்தில் உனக்கு விடுப்பு கிடைக்கும் அல்லவா? பெல்கிரேடைத் தாண்டி நீ எங்கேயும் போனதில்லை. வந்து கோடை முழுக்க இரு. குன்வோருக்கு உன்னைப் பார்க்கவேண்டுமாம். அவள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்றாயே, அதைச் சொல்லிவிட்டேன். "அவங்க வர்ற அன்னிக்கு வண்டிய உள்ள வச்சுக்கறேன்" என்றாள். பிடித்தால் தங்கிவிடு. இங்கேயும் தபால்கள் வரத்தான் செய்கின்றன. பிடிக்காவிட்டால் சித்தப்பாவின் வாயைப் பற்றி இவர்களுக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டுப் போ.

கவுன் முட்டிக்கு மேல் இருக்கட்டும். இங்கே எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் போடுகிறார்கள், முட்டியெல்லாம் சிராய்ப்பு. கம்பளிக் காலுறை ஒரே ஒரு ஜோடி போதும். இரண்டாக வைத்துக்கொள்.

ரயிலில் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால் ஒன்றை மூடச் சொல்லு. சிரிக்காதே. ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

அதுவரை வடக்கு ஜன்னலை ஒட்டாதே.

நீ வருகிறாயா, இல்லையா? சீக்கிரம் பதில் எழுது.

விதோசவா